நவஹோ சமையலும் மக்காச்சோளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவஹோ மக்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் மேட்டு நிலம் அவர்களுடையது. ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர். தங்களை அவர்கள் 'தினே' என்று சொல்லிக்கொள்வார்கள். 'மக்கள்' என்று பொருள். 'நவஹோ' வெளியார் வைத்த பெயர். இரண்டும் இன்று புழக்கத்தில் உள்ளன.

மக்காச்சோளம் அவர்களுக்கு வெறும் உணவில்லையா?

உணவுதான், ஆனால் அதோடு நிற்பதில்லை. தினே மரபுக் கதையில் முதல் ஆண் வெள்ளைச் சோளக் கதிரிலிருந்தும் முதல் பெண் மஞ்சள் கதிரிலிருந்தும் உருவானார்கள். அதனால் விதைப்பது, அரைப்பது, கிண்டுவது எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது.

சமையல் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். செடியின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனி வேலை உண்டு. பூத்ததும் மகரந்தம். பால் பிடித்ததும் பச்சை மாவு ரொட்டி, குழியில் அவித்த கதிர். முற்றிக் காய்ந்ததும் கூழ், உருண்டை, அடை. மடலையும் எறிவதில்லை, அதுதான் பாத்திரம், மூடி எல்லாம். எந்தப் பருவத்தில் பறிக்கிறோம் என்பதிலேயே பாதிச் சமையல் முடிந்துவிடும்.

வெள்ளை, மஞ்சள், நீலம். எது எதற்கு?

வெள்ளைச் சோளம் ஆண்பால், கிழக்குத் திசை, விடியல். மஞ்சள் பெண்பால், மேற்கு, அந்தி. விடியல் வழிபாட்டில் வெள்ளை மாவையும் மாலையில் மஞ்சள் மாவையும் தூவுவது இதனால்தான். நீலம் தெற்குக்குரிய நிறம். அன்றாட அடுப்பில் அதிகம் ஏறுவதும் நீலம்தான், கூழுக்கும் உருண்டைக்கும்.

இவையெல்லாம் நாம் கடையில் வாங்கும் இனிப்புச் சோளம் அல்ல. மணியின் உள்ளே மாவு மென்மையாக இருக்கும் 'மாவுச் சோள' வகைகள். அம்மியில் எளிதாக உடைந்து நைசாகும். கடின மணி வகையை அரைத்தால் ரவை போல் நிற்கும், கூழ் சேராது. சந்தையில் வாங்கிய சாதாரண மஞ்சள் சோள மாவில் செய்துவிட்டு 'மணல் மணலாக இருக்கிறதே' என்பவர்களுக்கு இதுதான் பதில்.

மழை குறைந்த இடத்தில் சோளம் எப்படி விளைகிறது?

ஆழமாக ஊன்றுவதால். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்த விதைகளுக்கு ஒரு தனித் திறமை உண்டு: முளை நீளமாக வளர்ந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்தும் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். சாதாரண ரக விதையை அந்த ஆழத்தில் போட்டால் பாதி வழியிலேயே இலை விரித்து மண்ணுக்குள்ளேயே செத்துப்போகும். அண்டை இனத்தவரான ஹோப்பி மக்களின் சோளத்துக்கும் நவஹோ சோளத்துக்கும் உள்ள இந்தத் தன்மையைத் தாவரவியலாளர்கள் 1914-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேல்மண் காய்ந்து புழுதியாக இருக்கும். குளிர்காலப் பனி உருகிய ஈரம் கீழே நிற்கும். விதையை அந்த ஈரத்தில் வைப்பதுதான் காரியம். ஊன்றுகோலால் குழி போட்டு, ஈர மண் தட்டுப்படும் வரை தோண்டி, குழிக்கு 4 முதல் 8 விதை இட்டு, முதலில் ஈர மண்ணாலும் பிறகு காய்ந்த மண்ணாலும் மூடுவார்கள். குழிக்குக் குழி ஏறக்குறைய 2 மீட்டர் இடைவெளி. 'இவ்வளவு இடத்தை வீணாக்குவதா' என்று தோன்றும். நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரத்தை இன்னொன்று உறிஞ்சி இரண்டுமே கருகும். ஒரே குழியிலிருந்து கொத்தாக எழும் தட்டைகளோ ஒன்றுக்கொன்று காற்று மறைப்பாகின்றன. வெளித் தட்டை அடிபட்டாலும் நடுத்தட்டை பிழைக்கும்.

நிலம் தேர்வதும் அப்படித்தான். காட்டாறு இறங்கி விரியும் வாய்ப்பகுதியில், வண்டல் படியும் இடத்தில் விதைத்தால் ஜூலை, ஆகஸ்ட் இடிமழையின் வெள்ளம் தானாகவே பாய்ந்துவிடும். ஓடைக்கு மிக அருகே போனால் அதே வெள்ளம் செடியை வாரிக்கொண்டு போகும்.

விதைக்கும் நாளை எப்படி முடிவு செய்கிறார்கள்?

வானத்தைப் பார்த்து. நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் சொல்லும் விண்மீன் கூட்டம் அவர்களுக்கு 'தில்யெஹே'. மே மாதத்தில் அது மாலை வானிலிருந்து மறையும். ஜூன் பிற்பகுதியில் விடியற்காலையில் மீண்டும் தலைகாட்டும். இந்த இடைவெளிக்குள் விதைப்பு முடிந்துவிட வேண்டும். 'நீ விதைப்பதைத் தில்யெஹே பார்க்கக் கூடாது' என்பது அங்கே வழங்கும் சொல்.

இதில் கணக்கு இருக்கிறது. அந்த மேட்டு நிலத்தில் மே மாதம்கூட உறைபனி இறங்கும், முந்தினால் முளை கருகும். பிந்தினால் செப்டம்பர் பனிக்கு முன் மணி முற்றாது.

கூழில் ஏன் சாம்பல் சேர்க்கிறார்கள்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். 'கட்' என்று அவர்கள் சொல்லும், எப்போதும் பச்சையாக நிற்கும் ஜூனிப்பர் மரத்தின் பச்சை இலைகளை எரித்த சாம்பல் அது. மூன்று வேலை செய்கிறது.

முதலாவது நிறம். நீலச் சோளத்தின் நிறமி, புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும் (மிளகாய்க் காரமல்ல, சாம்பலுக்கும் சோடாவுக்கும் உள்ள, புளிப்புக்கு எதிரான தன்மை). வெறும் தண்ணீரில் காய்ச்சினால் கூழ் மங்கிய சாம்பல் கலந்த ஊதாவாக இருக்கும். சாம்பல் நீர் விழுந்ததும் கண்ணெதிரே நீலப் பச்சையாக மாறும். சாம்பல் சரியான அளவில் இருக்கிறதா என்று காட்டும் அளவுகோலும் இந்த மாற்றம்தான்.

இரண்டாவது சுண்ணாம்புச்சத்து. ஆய்வுகளில் 1 கிராம் சாம்பலில் சராசரியாக 280 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கண்டிருக்கிறார்கள், ஒரு தம்ளர் பாலில் இருப்பதற்குச் சமம். மரத்துக்கு மரம் இது கூடும், குறையும். பால் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் உள்ள சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, சோளத்தில் நயாசின் என்ற உயிர்ச்சத்து இருந்தும் உடலுக்குக் கிட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. காரநீரில் வேகும்போது அது விடுபடும். சோளத்தை மட்டும் கொண்டுபோய், கார முறையை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளிடையே, நயாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் பரவியது இதனால்தான்.

சாம்பலை எப்படித் தயாரிப்பது?

பச்சை இலை செறிந்த நுனிக் கிளைகளை ஒடித்து, தூசி போகத் தட்டி, தேவைப்பட்டால் கழுவி உலர்த்த வேண்டும். சாலையோர மரமும் மருந்து தெளித்த மரமும் வேண்டாம். சுத்தமான இரும்புத் தகட்டின் மேலோ, கம்பி வலையின் மேல் வைத்துக் கீழே தட்டு ஏந்தியோ எரிக்கலாம். பச்சையாக இருந்தாலும் எண்ணெய்ப் பசை உள்ளதால் சடசடவென்று பற்றிக்கொள்ளும். தீ தானாக அடங்கி, கரி முழுவதும் வெளுக்கும் வரை விடவேண்டும். ஆறியபின் நைசான சல்லடையில் சலித்து, ஈரமில்லாத புட்டியில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். தடித்த கட்டைகளையும் சேர்த்து எரிப்பது ஒன்று. வேண்டியது இலைச் சாம்பல்தான், கட்டைச் சாம்பல் அல்ல. கரித்துண்டு நீங்குமுன் சலிப்பது இன்னொன்று. கூழ் கறுத்துக் கசக்கும். நல்ல சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில், தொட்டால் முகத்துக்குப் போடும் பவுடர் போல் இருக்கும். ஒரு பெரிய கட்டுக் கிளைக்கு ஒரு கைப்பிடிதான் தேறும், அசந்துபோக வேண்டாம்.

நீலச் சோளக் கூழின் செய்முறை என்ன?

நான்கு பேருக்கு: நீலச் சோள மாவு 1 கப், தண்ணீர் 4 கப், ஜூனிப்பர் சாம்பல் 1 தேக்கரண்டி. வழக்கமான கூழ் இவ்வளவுதான். உப்பும் சர்க்கரையும் பிற்காலச் சேர்க்கை.

சாம்பலைக் கால் கப் கொதிநீரில் கலக்கி வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். 3 கப் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். மிச்சமுள்ள குளிர்ந்த தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். கொதிநீரில் முதலில் சாம்பல் நீர், பிறகு மாவுக் கரைசல், கையை நிறுத்தாமல் கிண்டியபடி. தீயைத் தணித்து 15 முதல் 20 நிமிடம். கரண்டியின் முதுகில் படிந்து மெதுவாக வழிந்தால் பதம்.

கிண்ட அவர்கள் வைத்திருப்பது நம் களித் துடுப்பு போல் ஒற்றைக் கட்டை அல்ல. 'ஆதிஸ்த்ஸீன்' என்று பெயர். உறுதியான புதர்க்குச்சிகள் சிலவற்றைச் சேர்த்து நடுவில் கட்டிய கற்றை. குச்சிகளின் இடைவெளியில் மாவு புகுந்து புகுந்து வருவதால் கட்டி தானாக உடையும். ஒவ்வொரு வீட்டிலும் மரியாதையோடு வைத்திருக்கும் பொருள் இது. வீட்டில் கம்பிக் கலக்கி அதே வேலையைச் செய்யும்.

உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். நிறம் மாறவில்லையென்றால் சாம்பல் குறைவு அல்லது பழசு. நாக்கில் சோப்பு போல் வழுக்கினால் சாம்பல் அதிகம். அதைச் சரிசெய்ய வழியில்லை, மாவும் நீரும் கூட்டித்தான் ஆக வேண்டும். எலுமிச்சையோ தயிரோ விட்டால் நிறம் ஊதாவுக்குத் திரும்பிவிடும்.

உருண்டை செய்யும்போது தண்ணீரில் கரைந்துபோகிறதே?

'கினீஷ்பிஜீ' எனப்படும் நீலச் சோள உருண்டையைத்தான் கேட்கிறீர்கள். சோளத்தில் கோதுமையின் பசை கிடையாது. மாவைச் சேர்த்துப் பிடிப்பது வெந்த மாவுச்சத்து மட்டுமே. அதனால் பிசையும் நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், இடியாப்ப மாவுக்குப் போல. 2 கப் மாவுக்கு 1 தேக்கரண்டி சாம்பல் கலந்த ஏறக்குறைய 1 கப் கொதிநீர். முதலில் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, நெல்லிக்காயளவு உருட்டி, கொதிக்கும் நீரில் ஒவ்வொன்றாகப் போட்டு 15 நிமிடம். போட்டதும் கிண்டாதீர்கள். வெந்த நீரைக் கொட்டவும் வேண்டாம், அது கெட்டியாகி உருண்டையோடு சேர்த்துக் குடிக்கும் கஞ்சியாகும்.

ஜூனிப்பர் கிடைக்காவிட்டால்?

சமையல் சோடா கால் தேக்கரண்டி போட்டால் நிறம் வரும். கால்சியம் வராது, மணமும் வராது. அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் இருப்பவர்கள் நவஹோ ஊர்ச் சந்தைகளில் சிறு பொட்டலமாகச் சாம்பலை வாங்கலாம். அடுப்புக்கரிச் சாம்பலையோ ஏதோ ஒரு மரத்தின் சாம்பலையோ மாற்றாகப் போடாதீர்கள்.

'முழந்தாள் ரொட்டி' என்பது என்ன?

பச்சைக் கதிரில் செய்யும் ரொட்டி. நவஹோவில் 'நித்சிதிகோஈ', மண்டியிடுவதைக் குறிக்கும் சொல். அம்மியின் முன் மண்டியிட்டு அரைப்பதால் வந்த பெயர் என்பார்கள்.

பால் பிடித்து, நகத்தால் கீறினால் நீர்ப்பால் தெறிக்காமல் குழம்புப் பதத்தில் கசியும் கதிர் வேண்டும். அதற்கு இளசானால் மாவு நீர்த்து, வெந்தாலும் சேராது. முற்றினால் உதிரும். இரண்டு நாள் பிந்தினாலே பதம் தப்பிவிடும் என்பதால் அந்த வாரம் வீட்டில் வேறு வேலை நடக்காது.

மடலைக் கிழியாமல் உரித்து வைத்துக்கொண்டு, மணிகளைக் கத்தியால் சீவி, சக்கையில் ஒட்டியிருப்பதையும் சுரண்டி எடுத்து அரைக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. இரண்டு மூன்று மடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அரை கப் விழுதை நீளவாக்கில் பரப்பி, மடித்து, நுனியை உள்ளே திருப்ப வேண்டும். பொட்டலத்தைக் கட்ட நூலும் தேவையில்லை, மடலைக் கிழித்த நாரே போதும். பழைய முறையில், நெருப்பு எரித்துச் சூடேறிய குழியில் தணலை ஒதுக்கி, பொட்டலங்களை அடுக்கி, ஈர மடலால் மூடி, மண் போட்டு, மேலே சிறு தீ மூட்டி ஒரு மணி நேரம். வீட்டு அடுப்புப் பெட்டியில் 175 டிகிரி செல்சியஸில் அதே ஒரு மணி நேரம். உப்போ கொழுப்போ சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்காவிட்டாலும் பச்சைச் சோளத்தின் இனிப்பே போதும்.

குழியில் அவித்த சோளத்தை எப்படிச் சமைப்பது?

ஆளுயரத்தில் பாதிக்குக் குழி தோண்டி, பல மணி நேரம் விறகு எரித்து, சுவர் பழுக்கக் காய்ந்ததும் உரிக்காத பச்சைக் கதிர்களைக் குவித்து, சிறிது தண்ணீர் தெளித்து, உடனே மடலும் மண்ணும் போட்டு ஆவி வெளியேறாதபடி அடைத்து, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். ஆவி எங்காவது கசிந்தால் அந்தப் பக்கத்துக் கதிர் வேகாது. விடிய விடிய யாராவது சுற்றிவந்து புகை எழும் இடத்தில் மண் அள்ளிப்போடுவது இதற்காகத்தான்.

காலையில் சுடச்சுடத் தின்றது போக மீதியை வெயிலில் காயவைத்து, உதிர்த்துச் சேமிப்பார்கள். சர்க்கரை மாவாக மாறுமுன் வெந்துவிட்டதால் உலர்ந்த மணியிலும் இனிப்பு நிற்கும், கூடவே மெல்லிய புகை வாசனை. குளிர்காலத்தில் 2 கப் மணியை இரவே ஊறப்போட்டு, முக்கால் கிலோ எலும்போடு கூடிய செம்மறி இறைச்சியுடன் 2 முதல் 3 மணி நேரம் கொதிக்கவிட்டால் நவஹோ வீடுகளின் புகழ்பெற்ற சோளக் குழம்பு தயார். உப்பைக் கடைசியில் போடுங்கள். மசாலா எதுவும் வேண்டாம். நமக்குக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளவும்.

கினால்டா சடங்கின் சோள அடை பற்றிச் சொல்லுங்கள்.

பூப்பெய்திய பெண்ணுக்கு நான்கு நாள் நடக்கும் சடங்கு கினால்டா. அதன் அடை 'அல்கான்'. அந்தப் பெண் விடியலில் கிழக்கு நோக்கி ஓடுவாள், பகலில் சோளம் அரைப்பாள். அம்மியில் அரைத்த மாவை ஒதுக்க, நம் ஈர்க்குமாறு போல் புல்லால் கட்டிய தூரிகை இருக்கும். அதே தூரிகையின் மறுமுனைதான் தலைவாரும் சீப்பு.

கடைசி நாள் வெளியில் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள வட்டக் குழி, ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, பகல் முழுக்கத் தீ எரிப்பார்கள். மாவைக் கொதிநீரில் கரைத்து இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாக வைப்பார்கள். இனிப்புக்கு முளைகட்டி அரைத்த கோதுமை; முன்பெல்லாம் மாவை வாயிலிட்டு மென்று சேர்த்தார்கள். இரண்டும் ஒரே வேலை: முளையிலும் எச்சிலிலும் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து இனிப்பாக்குகிறது. கொதிக்கும் கரைசலில் முளைமாவைப் போட்டால் நொதி செத்து அடை சப்பென்றாகும், கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபின்தான் போடவேண்டும். இப்போது சர்க்கரையும் உலர்திராட்சையும் சேர்ப்பவர்களே அதிகம்.

தணலை வாரிவிட்டு, ஒன்றோடொன்று தைத்த சோள மடல்களைக் குழியில் பரப்பி, மடலால் செய்த சிலுவை வடிவத்தை நடுவில் வைத்து, மாவை ஊற்றி, மேலும் மடல்களால் மூடி, ஈர மண் பரப்பி, அதன்மேல் தீ. வீட்டுக்குள்ளே இரவு முழுக்கப் பாட்டு நடக்கும், வெளியே ஒருவர் தீயைக் காப்பார். மடல்களுக்கிடையே இடைவெளி விட்டால் மாவு மண்ணில் இறங்கும். மேல் தீ ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் பச்சையாக நிற்கும்.

விடிந்ததும் வெட்டிப் பங்கிடுவார்கள். நடுத்துண்டுகள் பாடி நடத்திவைத்தவருக்கு. அந்தப் பெண் மட்டும் தன் அடையைத் தின்னமாட்டாள், கொடுக்க மட்டுமே செய்வாள்.

மகரந்தத்தையும் சாப்பிடுவார்களா?

உணவாக அல்ல. 'தாதிதீன்' எனப்படும் சோள மகரந்தத்தை ஒரு சிட்டிகை நாக்கில் தொட்டு, உச்சந்தலையில் வைத்து, எதிரே தூவி வேண்டிக்கொள்வார்கள். பனி உலர்ந்த காலையில் ஆண் பூவை வளைத்துப் பாத்திரத்தில் தட்டி, சலித்து, நிழலில் காயவைத்துத் தோல் பையில் வைப்பது முறை. ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

திருமணத்தில் மணமகள் வீட்டார் கிண்டிய சோளக் கூழைப் பின்னிய கூடையில் வைத்து, மேலே மகரந்தத்தால் கோடு இழுப்பார்கள். மணமக்கள் நான்கு திசையிலிருந்தும் நடுவிலிருந்தும் கையால் எடுத்து உண்டபின் மீதி உறவினருக்குப் போகும்.

எண்ணெயில் பொரித்த ரொட்டிதானே நவஹோவின் பாரம்பரிய உணவு?

பிரபலமான உணவு, பழமையானது அல்ல. 1863-64-இல் கிட் கார்சன் தலைமையில் வந்த அமெரிக்கப் படை சோள வயல்களைக் கொளுத்தியது, கன்யான் டி ஷே பள்ளத்தாக்கின் பீச் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. பட்டினியால் சரணடைந்த 8,000-க்கும் மேற்பட்டோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தப்பட்டு, நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெதோந்தோவில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் அதை 'ஹ்வேல்டி' என்பார்கள். அங்கே விதைத்த சோளத்தை வெட்டுப்புழு தின்றது. ஆற்று நீர் உவர்ப்பு. கிடைத்தது படையினர் அளந்த மைதா, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை, காப்பி. அதிலிருந்து பிறந்த ரொட்டி இது. 1868 ஜூன் 1-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஊர் திரும்பியபோது ரொட்டியும் கூடவே வந்தது. இதனால் அதைப் பெருமையாகப் பார்ப்பவர்களும் உண்டு, தொடமாட்டேன் என்பவர்களும் உண்டு.

செய்வதானால்: மைதா 3 கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் ஏறக்குறைய ஒன்றேகால் கப். சேர்ந்தால் போதும், பரோட்டாவுக்குப் போல் அடித்துப் பிசைந்தால் தோலாகிவிடும். அரை மணி நேரம் மூடிவைத்து, கையால் தட்டி, நடுவில் சிறு துளையிட்டு 185 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொரிக்கவும். எண்ணெய் சூடு குறைந்தால் ரொட்டி எண்ணெயைக் குடிக்கும். நவஹோ வீடுகளில் மாவு என்றாலே கொலராடோ மாநிலம் கார்டெஸ் ஊரில் அரைபடும் புளூ பேர்ட் மாவுதான். காலிப் பையை எறியாமல் துணியாகப் பயன்படுத்துவதும் வழக்கம்.

சோளமல்லாத வேறு பழைய உணவுகள்?

பினியன் மரக் கொட்டை, சுமாக் பழத்தின் புளிப்புக் கூழ், யுக்காப் பழம், காட்டுக் கீரை, மூலிகைத் தேநீர். காட்டு உருளைக்கிழங்கின் கசப்பை அடக்க வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துத் தின்பது தனிச் சாமர்த்தியம். செம்மறி ஆடு ஸ்பானியர் கொண்டுவந்தது என்றாலும் இன்று அது இல்லாமல் விருந்து இல்லை. கொழுப்பைச் சுற்றிக் குடலைச் சுருட்டித் தணலில் சுடுவதை விரும்பாத பெரியவர்கள் குறைவு.

இப்போது இதையெல்லாம் யார் செய்கிறார்கள்?

அன்றாடம் எல்லா வீட்டிலும் இல்லை. பெரும் நிலப்பரப்புக்கு மளிகைக் கடைகள் மிகச் சில. நீரிழிவு பெரிய சிக்கல். 2015 ஏப்ரல் 1 முதல் நவஹோ அரசு நொறுக்குத் தீனிக்கும் இனிப்புப் பானத்துக்கும் 2 சதவீதக் கூடுதல் வரி விதிக்கிறது. பழம், காய்கறிகளுக்கு விற்பனை வரியை நீக்கியிருக்கிறது. 1970-இல் ஃபார்மிங்டன் அருகே தொடங்கிய நவஹோ வேளாண் நிறுவனம் ஆற்றுப் பாசனத்தில் நீலச் சோளமும் பயிரிட்டு 'நவஹோ பிரைட்' என்ற பெயரில் விற்கிறது. மாவு வாங்கும்போது பையில் 'வறுத்தது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வறுத்த மாவுக்கு நீர் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். கூழ் சீக்கிரம் இறுகும், மணமும் தூக்கலாக இருக்கும்.